ஒரே ஃப்ளாஷ்பேக்கில் அடங்காத குழந்தைப் பருவம்

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். திரைப்படங்களிலும் நாவல்களிலும் மனம் பிறழ்ந்த பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் சிறுவயதில் ஒரு கொடிய சம்பவம் வைக்கப்படுகிறதே, உண்மையிலும் மனநோய் அப்படித்தான் உண்டாகிறதா என்பது ஒன்று. மறந்துபோன அந்தச் சம்பவத்தை நினைவுக்குக் கொண்டுவந்தால் நோய் தீர்ந்துவிடுமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சுருக்கமான பதில், பெரும்பாலும் இல்லை என்பதுதான். ஆனால் இதைக் கதாசிரியர்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சினிமா ஒரு காலத்து மனநல மருத்துவத்தை நன்றாகவே கற்றுக்கொண்டது. மருத்துவம் அந்த இடத்தை விட்டு நகர்ந்த பிறகும் அது அங்கேயே தங்கிவிட்டது.

அந்தப் பாடம் 1895-இல் எழுதப்பட்டது. வியன்னா மருத்துவர்களான யோசெஃப் ப்ராயரும் சிக்மண்ட் ஃப்ராய்டும் ஹிஸ்டீரியாவைப் பற்றி வெளியிட்ட நூலில், 'அன்னா ஓ.' என்ற புனைபெயரில் ஓர் இளம்பெண்ணின் வரலாறு முதலில் வருகிறது. நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த காலத்தில் அவளுடைய கை மரத்துப்போனது, தாய்மொழியான ஜெர்மன் மறந்து ஆங்கிலம் மட்டுமே வாயில் வந்தது, கோடை வெப்பத்திலும் தண்ணீர் குடிக்க முடியவில்லை. அரைமயக்க நிலையில் ஒருநாள், தனக்குப் பிடிக்காத தோழி ஒருத்தியின் நாய் டம்ளரில் தண்ணீர் குடித்ததைக் கண்டு அருவருத்த நினைவைச் சொல்லித் தீர்த்தாள். உடனே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள் என்று ப்ராயர் எழுதுகிறார். புதைந்த நினைவு, அதை மேலே கொண்டுவரும் மருத்துவர், கண்ணெதிரே நிகழும் குணம் என்று பின்னாளைய திரைக்கதைகளுக்கு வேண்டிய மூன்றும் இந்த ஒரு பத்தியில் இருக்கின்றன.

நூலில் இல்லாதது அதற்குப் பிறகு நடந்தது. அந்தப் பெண்ணின் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். ப்ராயரின் சிகிச்சை முடிந்த அடுத்த மாதமே, 1882 ஜூலையில், அவர் சுவிட்சர்லாந்தின் க்ராய்ட்ஸ்லிங்கனில் உள்ள மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். அந்தக் காப்பகத்தின் மருத்துவக் குறிப்புகளை வரலாற்றாசிரியர் ஹென்றி எல்லன்பெர்கர் 1972-இல் வெளியிட்ட பிறகுதான் இது பரவலாகத் தெரிந்தது. பாப்பன்ஹைம் பின்னர் நலமடைந்து, பிராங்க்பர்ட்டில் பெயர்பெற்ற சமூகப் பணியாளராகி, 1904-இல் ஜெர்மனியின் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். அந்த நலம் பல ஆண்டுகளில் மெல்ல வந்தது. நாயையும் டம்ளரையும் நினைவுகூர்ந்த ஒரு மாலையில் வந்ததன்று.

ஹாலிவுட் இந்த வார்ப்பை எடுத்துக்கொண்டபோது, மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எடுத்துக்கொண்டது. 1945-இல் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் இயக்கிய 'ஸ்பெல்பவுண்ட்' படத்தின் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், தமக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் மே ராமையே படத்துக்கு ஆலோசகராக்கினார். சிறுவயது விபத்தொன்றில் தம்பி இறந்ததற்குத் தானே காரணம் என்ற குற்றவுணர்வை மறந்துவிட்ட நாயகன், பனிச்சரிவில் சறுக்கும்போது அதை நினைவுகூர்கிறான். அந்தக் கணமே விடுபடுகிறான். 1960-இல் வந்த 'சைக்கோ'வில் இறுதிக் காட்சியில் ஒரு மருத்துவர் வந்து எல்லாவற்றையும் தாயின் ஆதிக்கத்தைக் கொண்டு விளக்கிவிட்டுப் போகிறார். இன்று அந்த விளக்கம் நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோய்க்குத் தாயின் நடத்தையே காரணம் என்று ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் போன்ற முன்னணி மருத்துவர்களே 1948 முதல் எழுதிவந்த காலம் அது. மருத்துவ இதழ்களில் இருந்த தாய்தான் படத்திலும் இருந்தாள்.

இதைவிடச் சிக்கலானது, படங்களும் நூல்களும் நோயையே மாற்றியமைத்த கதை. மூன்று ஆளுமைகள் கொண்ட பெண்ணைப் பற்றிய 'த த்ரீ ஃபேசஸ் ஆஃப் ஈவ்' 1957-இல் வெளிவந்து, நடிகை ஜோன் வுட்வர்டுக்கு ஆஸ்கர் பெற்றுத் தந்தது. இறந்த பாட்டியின் முகத்தில் முத்தமிடுமாறு சிறுவயதில் வற்புறுத்தப்பட்ட நினைவு திரும்பியதும், மூன்று ஆளுமைகளும் ஒன்றாகிவிடுகின்றன. உண்மையான பெண்ணான கிறிஸ் சைஸ்மோர் 1970-களில் தம்மை வெளிப்படுத்திக்கொண்டபோது, தமக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஆளுமைகள் இருந்ததாகவும், படம் காட்டிய 'குணத்துக்கு'ப் பிறகும் பல ஆண்டுகள் துன்பம் தொடர்ந்ததாகவும் சொன்னார். இதற்கிடையே 1973-இல் 'சிபில்' என்ற நூலும் 1976-இல் அதன் தொலைக்காட்சிப் படமும் வந்தன. பதினாறு ஆளுமைகள், தாயின் கொடுமை. படத்தில் மருத்துவராக நடித்தவரும் அதே ஜோன் வுட்வர்ட்தான். அந்த நூலுக்கு முன்பு மருத்துவ இலக்கியத்தில் அபூர்வமாகவே பதிவாகியிருந்த இந்த நிலை, அடுத்த இருபது ஆண்டுகளில் வட அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரிடம் 'கண்டறியப்பட்டது'. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாக இடமும் பெற்றது. சிபிலாகச் சித்தரிக்கப்பட்ட பெண்ணோ, தமக்கு வேறு ஆளுமைகள் எவையும் இல்லை என்றும், மருத்துவரின் கவனத்துக்காக அவ்வாறு நடித்ததாகவும் 1958-லேயே அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்த மருத்துவர் அக்கடிதத்தை நோயின் மற்றோர் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டார். இப்படியொரு நிலையே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. தம்மிலிருந்தே தாம் பிரிந்து நிற்பதாக உணரும் விலகல் அனுபவம் உடையவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் சிறுவயதில் நெடுங்காலம் துன்புறுத்தப்பட்டவர்கள். ஆனால் நாம் திரையில் காணும் வடிவம், திரையைப் பார்த்து வளர்ந்த வடிவமும்கூட.

தமிழ்ப் படங்களை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட முடியாது என்பது தெரியும். 1978-இல் வந்த 'சிகப்பு ரோஜாக்க'ளிலும் 2005-இல் வந்த 'அந்நிய'னிலும் ஒரு சம்பவமே வேர். பின்னதில், அதிகாரிகளின் அலட்சியத்தால் மின்சாரம் பாய்ந்து தங்கை இறந்ததிலிருந்து அந்நியன் என்ற ஆளுமை முளைக்கிறது. 1980-இன் 'மூடுபனி'யில், தந்தையால் தாய் படும் துன்பத்தைப் பார்த்துக்கொண்டே சிறுவன் வளர்கிறான். அது ஒருநாள் நிகழ்ச்சியன்று, ஒரு வீட்டின் தட்பவெப்பம். 2001-இன் 'ஆளவந்தான்' தன்னை அறியாமலேயே ஓர் ஆய்வுக்கூடம் போல அமைந்துவிட்டது. உருவம் ஒத்த இரட்டையரில் ஒருவன் மாமனோடு போகிறான், மற்றவன் சிற்றன்னையின் கொடுமையில் சிக்குகிறான். மனச்சிதைவு இரண்டாமவனுக்கு மட்டும் வருகிறது. உண்மையில் ஆய்வாளர்கள் இரட்டையரைக் கொண்டு கண்டதும் இதில் பாதி சரி என்பதைத்தான். ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் அது நூற்றுக்கு நூறை எட்டுவதில்லை. மரபுக்கும் சூழலுக்கும் பங்கு உண்டு. கொடுமை மட்டுமே அந்நோயைத் தோற்றுவித்ததென்று காட்டுவதுதான் பிழை.

எனக்கு மிகவும் நுட்பமாகத் தோன்றுவது 1993-இன் மலையாளப் படமான 'மணிச்சித்ரதாழ்'. அதன் தமிழ் வடிவமான 'சந்திரமுகி'யை நம்மில் பெரும்பாலோர் பார்த்திருப்போம். கட்டிலைத் தூக்கும் காட்சியும் உருவபொம்மையை எரித்துப் பழிதீர்க்கும் உச்சமும் நினைவிருக்கும். மூலப் படத்தில் ஆளுமை பிளவுபடும் நாயகி கங்காவுக்குச் சிறுவயதில் திகில் சம்பவம் எதுவும் நடக்கவில்லை. பெற்றோர் கல்கத்தாவில் இருக்க, அவள் பாட்டியிடம் கதை கேட்டு ஊரில் வளர்கிறாள். பிறகு பெற்றோர் வந்து அவளை அந்த உலகத்திலிருந்து பெயர்த்து எடுக்க முனைகிறார்கள். கொலையோ வன்முறையோ இல்லாத, எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஒரு பிரிவு. அந்தப் பிரிவிலிருந்து ஆளுமைப் பிளவு வருமா என்றால் மருத்துவம் தலையசைக்காது. ஆயினும் கதையாசிரியர் மது முட்டம் கை வைத்த இடம், குழந்தை வளர்ச்சி ஆய்வின் நடு இடம்.

அந்த ஆய்விலும் ஒரு திரைப்படம் இருக்கிறது. மனக்கலக்கம் எப்படித் தொடங்குகிறது என்பதைக் காட்டிய படம் ஒன்றைச் சொல்லுமாறு கேட்டால், மேலே குறிப்பிட்ட எதையும் விட்டுவிட்டு நான் அதையே சொல்வேன்.

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்ட் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவர். 1948 முதல் டாவிஸ்டாக் மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியிடம் பணியாற்றினார். அக்காலத்து பிரிட்டிஷ் மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பதற்கே அனுமதி கிடைப்பது கடினம். பெற்றோர் வந்துபோனால் குழந்தைகள் அழுகின்றன, வராவிட்டால் அமைதியாக இருக்கின்றன என்பது தாதியர் சொன்ன காரணம். அந்த அமைதியைத்தான் ராபர்ட்சன் சந்தேகித்தார். எழுத்தில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று கருதி, 16 மில்லிமீட்டர் கைக்கேமரா ஒன்றை வாங்கினார். தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் சேர்க்கப்பட்ட, இரண்டு வயது ஐந்து மாதமே ஆன லாரா என்ற சிறுமியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார். வேண்டிய காட்சிகளை மட்டும் பொறுக்கி எடுத்ததாகப் பின்னர் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் குறித்த வேளையில், சுவர்க் கடிகாரம் தெரியும்படி படம் பிடித்தார்.

1952-இல் வெளியான அந்தக் கறுப்பு வெள்ளை மௌனப் படத்தில் நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லை. லாரா பெரிதாகக் கதறுவதுகூட இல்லை. வயதுக்கு மீறி அடக்கம் உடைய குழந்தை அவள். பொம்மையைக் கட்டிக்கொள்கிறாள், அம்மா வேண்டும் என்று அவ்வப்போது கேட்கிறாள், உதடு துடிக்கிறது, மறுபடி முகத்தை நேராக்கிக்கொள்கிறாள். நாட்கள் செல்லச் செல்லத் தாய் வரும்போது முகம் திருப்புகிறாள். கடைசி நாளில் தன் பொருட்களையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள், ஆனால் தாய் நீட்டிய கையைப் பிடிக்க மறுக்கிறாள். சில மாதங்கள் கழித்துப் பெற்றோருக்குப் படம் திரையிடப்பட்டபோது அதன் இறுதிப் பகுதியைத் தற்செயலாகப் பார்த்துவிட்ட லாரா, அவ்வளவு நேரமும் நீ எங்கே போயிருந்தாய் என்று தாயிடம் சினந்து கேட்டு அழுதாள்; பிறகு ஆறுதல் தேடித் தந்தையிடம் திரும்பினாள். திரைக்கதைகளில் நினைவு திரும்பினால் கதை முடிந்துவிடும். இங்கே திரும்பிய நினைவு ஒரு கேள்வியாக வந்தது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் பக்கத்திலேயே இருந்தாள்.

அந்த ஆண்டு நவம்பரில் ராயல் மருத்துவச் சங்கத்தில் படம் காட்டப்பட்டபோது, மருத்துவர்களும் தாதியரும் கொதித்தெழுந்தார்கள். தங்கள் தொழிலை அவதூறு செய்கிறார், விதிவிலக்கான குழந்தையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றெல்லாம் குற்றம் சாட்டினார்கள். ஆயினும், முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, அதன்பின் பற்றற்ற விலகல் என்று பிரிவில் குழந்தை கடக்கும் மூன்று நிலைகளை ராபர்ட்சனும் பௌல்பியும் வகுத்ததற்கு இப்படமும் ஆதாரமாயிற்று. 1959-இல் பிளாட் குழு, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கவும், சிறு குழந்தைகளோடு தாய் தங்கவும் வேண்டுமென்று பிரிட்டிஷ் அரசுக்குப் பரிந்துரைத்தது. ஒரு படம் மனநலத்துக்குச் செய்த தொண்டு என்று இதைவிடப் பெரிதாக வேறொன்றை என்னால் காட்ட முடியாது.

ஆனால் பிரிவு ஒன்றே பிற்காலத்தைத் தீர்மானிக்கும் என்று நினைத்தால், சம்பவத்தின் இடத்தில் பிரிவை வைத்து அதே தவற்றைச் செய்தவர்களாவோம். பௌல்பியே முதலில் அப்படி நினைத்தார். 1944-இல், திருட்டில் சிக்கிய 44 சிறாரைப் பற்றி எழுதிய கட்டுரையில், யாரிடமும் அன்பு காட்டாதவர்களாக அவர் வகைப்படுத்திய 14 பேரில் 12 பேர் சிறுவயதில் நெடுங்காலம் தாயைப் பிரிந்திருந்தவர்கள் என்று காட்டினார். பிறகு, காசநோய்க் காப்பகத்தில் இருந்து மீண்ட 60 குழந்தைகளை அவரும் சகாக்களும் ஆராய்ந்து 1956-இல் எழுதியபோது, அவர்கள் பலவிதமாக வளர்ந்திருப்பதைக் கண்டு, தம் முந்தைய கூற்றுகள் மிகைப்பட்டவை என்று ஒப்புக்கொண்டார். ராபர்ட்சனும் மனைவி ஜாய்ஸும் பின்னர் எடுத்த படங்கள் இன்னும் தெளிவானவை. பதினேழு மாதக் குழந்தையான ஜான், தாய் பிரசவத்துக்குப் போனபோது காப்பகம் ஒன்றில் விடப்பட்டான். தாதியர் மாறிக்கொண்டே இருந்த அங்கே ஒன்பதே நாளில் நிலைகுலைந்தான். ராபர்ட்சன் தம்பதியர் தம் வீட்டிலேயே ஒவ்வொருவராக வைத்துப் பார்த்துக்கொண்ட நான்கு குழந்தைகளில் ஒருத்தி 27 நாட்கள் தங்கினாள். தாயைப் பற்றி அடிக்கடி பேசவும் தந்தை வந்து பார்க்கவும் ஒரே ஆள் கவனித்துக்கொள்ளவும் வாய்ப்பிருந்ததால், வருத்தம் இருந்தும் அவர்கள் குலையவில்லை. பிரிவு இரு இடத்திலும் இருந்தது. கூட இருந்து ஏந்திக்கொள்ளும் ஆள் ஓரிடத்தில் மட்டும் இருந்தார்.

இதை எண்ணிக்கையில் காட்டியவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர். கடுமையான தாம்பத்தியச் சண்டை, வறுமை, நெருக்கடியான பெரிய குடும்பம், தந்தையின் குற்றவாழ்வு, தாயின் மனநோய், குழந்தை காப்பகத்தில் விடப்படுதல் என்ற ஆறு இடர்களை எடுத்துக்கொண்டு அவர் கணக்கிட்டார். ஏதேனும் ஒன்று மட்டும் வாய்த்த குழந்தைக்கும், எதுவுமே இல்லாத குழந்தைக்கும் மனநலக் கோளாறு வரும் வாய்ப்பில் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. இரண்டு சேர்ந்தால் அது நான்கு மடங்கானது. நான்கும் அதற்கு மேலும் சேர்ந்தபோது இன்னும் பன்மடங்கு ஏறியது. சான் டியாகோவில் பல்லாயிரம் பேரைக் கொண்டு நடந்து 1998-இல் வெளியான ஆய்வும் இதே போக்கில், சிறுவயது இன்னல்களின் வகைகள் கூடக்கூட மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் படிப்படியாகக் கூடுவதைக் காட்டியது. மறுபக்கத்தில், ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த எம்மி வெர்னர், பல இடர்கள் ஒருங்கே சூழ்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திறமும் அன்பும் உள்ள பெரியவர்களாக வளர்ந்ததைக் கண்டார். அவர்களுக்குப் பெற்றோராக இல்லாவிட்டாலும் பாட்டியோ வேறு உறவினரோ ஆசிரியரோ நிலையாகப் பற்றிக்கொள்ள ஒருவர் இருந்தார்.

இரண்டரை மணி நேரப் படத்தில் இந்தக் குவிதலைக் காட்டுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. கோபி கிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநோயாளிகளின் பேச்சையே பெரிதும் பேசவிடுகிறது. இன்ன காரணத்தால் இப்படி ஆனார்கள் என்று முடிச்சவிழ்க்கும் அவசரம் அதற்கு இல்லை. வாசகருக்குக் கிடைப்பது காரணத்தைவிடக் கடினமான ஒன்று, அந்த மனிதர்களோடு சற்று நேரம் இருப்பது. மனநோயை எழுத நினைக்கும் இளம் எழுத்தாளர்கள் அதை முதலில் படிப்பது நல்லது என்பது என் எண்ணம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோயில் பெரும்பாலானோரின் துன்பம் மறந்துபோனதன்று, மறக்க முடியாதது. அந்நினைவு வேண்டாத வேளையில் எல்லாம் மேலே எழுந்து வருகிறது. அதனால்தான் இன்று நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சைகளில் பல, நோயாளிக்குத் தெரிந்த நினைவை வாரம் ஒருமுறையாக எட்டுப் பத்து, பதினைந்து அமர்வுகள் வரை பாதுகாப்பான சூழலில் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, அதன் கூர்மையைக் குறைக்கின்றன. மறைந்திருக்கும் நினைவைத் தோண்டியெடுக்கிறேன் என்று ஹிப்னாடிசம் முதலியவற்றைக் கையாளுபவரிடம் எச்சரிக்கை தேவை. உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-இல் வெளியிட்ட சோதனையில், சிறுவயதில் நீங்கள் கடைவளாகம் ஒன்றில் தொலைந்துபோனீர்கள் என்ற நடக்காத நிகழ்ச்சியை உறவினர் சொன்னதாகச் சொல்லி நினைவுபடுத்தியதும், ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதை முழுமையாகவோ பகுதியாகவோ 'நினைவுகூர்ந்தனர்'. 1980-களிலும் 1990-களிலும் அமெரிக்காவில் இத்தகைய சிகிச்சையால், செய்யாத கொடுமைக்காகப் பெற்றோர் குற்றம் சாட்டப்பட்டு, குடும்பங்கள் பிரிந்து, வழக்குகள் நீதிமன்றம் வரை போயின. அவற்றுள் சிலவற்றில் இறுதியில் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது சிகிச்சை அளித்தவர்களுக்குத்தான்.